அண்ணி வெளிநாடு போகப் பழகிய வாரம்

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றிப் பேச வாயெடுத்தால், கேட்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்காருவார்கள். அவர்களை நான் ஏமாற்றத்தான் போகிறேன். எனக்கு என் அண்ணியைப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘ட்ரே அக்கா’ என்று பெயர். ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கறையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கும். அவற்றைக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த ஆபரேஷனுக்கு எது வேண்டுமோ அப்படியே தட்டுகளில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்குள் வைத்து எடுத்து மேலே அனுப்பவேண்டும். அதற்கென்று ஜன்னல் இல்லாத பெரிய அறை ஒன்று உண்டு. அந்த அறைக்கு அண்ணிதான் தலைவி. நோயாளி யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய சாமான்கள் வேலை செய்கிற நேரத்தில் யாரும் கண்ணைத் திறந்துவைத்திருப்பதும் இல்லை.

அந்தப் பிரிவுக்குப் புது இயந்திரங்கள் வாங்குவதென்று முடிவானது. அதற்கு முன்னால் யாராவது ஒருவர் குளிர் நாட்டிலுள்ள ஒரு கல்லூரிக்குப் போய் எட்டு வாரம் படித்துவிட்டு வரவேண்டும் என்றார்கள். அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னபோது, சின்ன வயசுக்காரங்க யாரையாவது அனுப்புங்களேன் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார். மேலாளர் விவரமானவர். பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து, இதைப் படித்துவிட்டு அப்புறம் மாட்டேன் என்று சொல்லுங்கள் என்றாராம்.

படித்ததில்தான் அண்ணி மாட்டிக்கொண்டார். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் நீளக் குழாய்கள் இருக்கின்றனவே, அவைதான் அவருடைய தீராத தலைவலி. கத்தியைக் கண்ணால் பார்த்து, சுத்தம் என்று சொல்லிவிடலாம். குழாயின் உள்பக்கத்தை எதை வைத்துப் பார்ப்பது? பிரஷ் விட்டுத் தேய்த்து, தண்ணீர் பாய்ச்சி, காற்று ஊதி, செய்யவேண்டியதை எல்லாம் செய்த பிறகும் அவருக்கு மனசு ஆறாது. வீட்டில் சாப்பிடும்போதுகூட அந்தக் குழாயைப் பற்றிப் பேசி எங்கள் பசியைக் கெடுத்திருக்கிறார். அந்தப் பாடத்திட்டத்தில் குழாய்க்கென்றே தனிப் பாடம் இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் அண்ணன், இரண்டு பெண் பிள்ளைகள், எங்கள் அப்பா. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூத்தவள் கல்லூரியிலும் சின்னவள் பள்ளிக்கூடத்திலும் படிக்கிறார்கள். அப்பாவுக்குக் காது மந்தம், அதை ஈடுகட்டக் குரல் உரம். நான் அங்கிருந்து கால்மணி நேரம் நடக்கிற தூரத்தில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. பிள்ளைகளுக்கு நான் ‘கண்ணாடி அத்தை’.

செய்தி தெரிந்ததும் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் சூட்கேஸைக் கவிழ்த்துப்போட்டு நாலு சக்கரத்தையும் கழற்றி எண்ணெய் விட்டான். அந்த நாட்டுச் சுவரில் பிளக் வேறு மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டு, அதற்கேற்ற மாற்றுப் பிளக் வாங்கி வந்து, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழியில்லையே என்று வருத்தப்பட்டான். அப்பா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறுவார். பிறகு சூட்கேஸ் இல்லாமல் ஏறுவார். இரண்டையும் கழித்துச் சொல்கிற கணக்கு ஒவ்வொரு தடவையும் வேறாக வரும்.

கூட வேலை செய்பவர் ஒருவர் கனமான கோட்டைக் கடன் கொடுத்திருந்தார். வேர்த்துக்கொட்டுகிற வெயிலில் அண்ணி அதைப் போட்டுக்கொண்டு, புது ஷூவையும் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று சமைப்பார். ஷூ அங்கே போய்க் கடிக்கக்கூடாதாம், இங்கேயே கடித்துத் தீர்த்துவிடட்டுமாம். தைராய்டு மாத்திரைக்கு டாக்டரிடம் ஆங்கிலத்தில் சீட்டு வாங்கியாயிற்று. இன்சூரன்ஸ், விசா, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஆயிற்று. சூட்கேஸை அடுக்கியது மட்டும் அண்ணியே. தட்டு அடுக்குகிற கைதானே. எது முதலில் வேண்டுமோ அது மேலே, கடைசியில் வேண்டியது அடியில், ஒவ்வொன்றும் துணியில் சுற்றி. ஒரு பொருளை எடுக்க இன்னொன்றை நகர்த்தவேண்டி வந்தால் அது அடுக்கிய லட்சணமில்லை என்பார்.

வழி கண்டுபிடிக்கப் பழக்கியது மூத்தவள். போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொல்லிக்கொடுத்து, ஒருநாள் அண்ணியைத் தெரியாத தெரு ஒன்றில் இறக்கிவிட்டாள். யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது, போனை மட்டும் பார்த்து வீடு வந்து சேரவேண்டும் என்பது நிபந்தனை. பயந்துகொண்டு பின்னாலேயே மறைந்து மறைந்து போயிருக்கிறாள். அண்ணி முதல் முனையிலேயே போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பழக்கடைக்காரம்மாவிடம் போய் நின்றாராம். பத்து நிமிஷத்தில் அந்த அம்மாவின் முட்டிவலிக்கு எந்த டாக்டரைப் பார்க்கவேண்டும் என்பதுவரை பேச்சு போய்விட்டது. வீட்டுக்குச் சரியான வழியில் வந்தார், கையில் பழத்தோடு. மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்தார். போகிற இடத்தில் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது, மாற்றுக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஃப்ரேமை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிலைக்கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

“உங்கிட்ட ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?”

“சொல்லுங்க அண்ணி.”

“அங்க எனக்குத் தனி ரூமாம். நான் பொறந்ததுலேர்ந்து ஒரு ராத்திரிகூடத் தனியா ஒரு ரூம்ல படுத்ததில்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர். படித்தது விடுதியில், நீளக் கூடத்தில். அங்கிருந்து நேராகக் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். நான் இருக்கிற மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, இனி விடிகிறவரை யாரும் வரப்போவதில்லை என்று இருந்த அனுபவமே அவருக்கு இல்லை. படுப்பது மட்டுமில்லையாம். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை, ஒரே ஆளுக்குச் சமைத்ததும் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னால் போகவே வேண்டாம் என்பான், பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கும், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன் என்றார்.

“என் ரூமை எடுத்துக்கோங்க. ஒரு வாரம்,” என்றேன்.

“நீ?”

“நான் உங்க வீட்ல இருக்கேன். உங்களுக்கு வெளிநாடு, எனக்கு உள்நாடு.”

சொன்னபோது விளையாட்டாகத்தான் சொன்னேன். அண்ணி பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே சூட்கேஸோடு வந்து இறங்கிவிட்டார். அடுக்கியதும் சரியா என்று பார்த்துவிடலாம் என்று முழுச் சூட்கேஸையும் தள்ளிக்கொண்டே வந்தார். எண்ணெய் விட்ட சக்கரம் சத்தமே போடவில்லை. நான் அடுப்பையும் பூட்டையும் காட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று, சட்டம் என்ன என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு போன், அதுவும் அப்பா சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்கக்கூடாது, வெளிநாட்டில் இருந்தால் எப்படியோ அப்படி என்றேன். சரி சரி என்று தலையாட்டினார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

என் பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்து பழகியவளுக்கு அந்த வீடு சந்தைக்கடை. குளியலறை வாசலில் காலையில் வரிசை நிற்கும். அப்பா பேசுவது தெருமுனைவரை கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. பிள்ளைகள் அறையில் எனக்குப் படுக்கை. சின்னவள் தூக்கத்தில் நீச்சலடிப்பவள், அவள் கால் என் வயிற்றில்தான் கரையேறும். எதைத் தேடினாலும் யாருக்கும் எதுவும் தெரியாது. தேயிலை டப்பா எங்கே, அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பாவின் சட்டைக்குப் பித்தான் எங்கே, அம்மாவுக்குத்தான் தெரியும். இவர்கள் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் விருந்தாளிகளாகத்தான் இருந்திருக்கிறார்கள் போல.

ஒன்றை மட்டும் கவனித்தேன். சாப்பாட்டு மேசையில் அண்ணியின் நாற்காலி அடுப்படிப் பக்கம், வழியில் இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தே கேட்டார்கள். அத்தை தண்ணி. அத்தை உப்பு. இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அந்த நாற்காலியின் ராசி அப்படி. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். முதல்நாள் என் தட்டில் இருந்தது ஆறிப்போய்விட்டது.

அண்ணிக்கோ முதல்நாள் சோறு மலையாகக் கிடந்ததாம். ஒருத்திக்கு எவ்வளவு என்று கைக்குத் தெரியாமல் ஐந்து பேருக்கு வடித்துவிட்டார். மறுநாள் அதைப் பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் ஊரைக் கூட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். தூக்கம் எப்படி என்று போனில் கேட்டேன். வானொலியை ஓடவிட்டுக்கொண்டு படுத்தேன், செய்தி வாசிக்கிறவர் பாவம், எனக்காகத்தான் முழித்திருந்தார் என்றார். குரல் அடங்கியிருந்தது. நான் விளையாட்டாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், ஆனால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் பொறுக்கமாட்டாமல் என் கட்டடத்துக்குப் போய்விட்டான். அங்கே இருக்கிற லிஃப்ட் கிறீச்சிடுகிறதாம், பார்த்துவிட்டு வருகிறானாம். அது அவன் கம்பெனி லிஃப்டே இல்லை. மூன்றாவது மாடியில் இறங்கிக் கதவைத் தட்டியிருக்கிறான். அண்ணி சங்கிலியைப் போட்டபடி ஓர் இடுக்களவு திறந்து பார்த்தாராம்.

“என்னங்க இது? நான் வெளிநாட்டுல இருக்கேன்.”

“சும்மா, லிஃப்டைப் பார்க்க வந்தேன். சாப்பிட்டியா?”

“விமானம் ஏறித்தான் வந்தீங்களா? விசா இருக்கா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சங்கிலியை எடுக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து, உள்ளே விடவில்லை என்று அப்பாவிடம் கத்திச் சொன்னான். அப்பா, நல்ல பெண் என்றார். என்ன கேட்டது என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த காலைதான் கஷ்டகாலம். அண்ணிக்கு அன்று மத்தியான வேலை. காலையில் குப்பைப் பையைத் தாழ்வாரக் கடைசியில் போட்டுவிட்டு வரலாம் என்று வெளியே வந்திருக்கிறார். என் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். சாத்திக்கொண்டது. சாவி, போன், பணப்பை எல்லாம் உள்ளே. வீட்டுச் செருப்பும் பழைய நைட்டியும் கையில் குப்பைப் பையுமாக அண்ணி வெளியே.

கால்மணி நேரம் நடந்தால் சொந்த வீடு. என்னிடம் இன்னொரு சாவியும் இருந்தது. படியில் பாதி இறங்கிவிட்டாராம். அப்புறம் நின்றுவிட்டார். அங்கே இப்படி ஆனால் எந்த வீட்டுக்கு நடப்பேன் என்று தோன்றியிருக்கிறது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். எட்டு வாரமெல்லாம் நம்மால் ஆகாது, இன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிடலாம் என்றுகூட முடிவு பண்ணிவிட்டாராம். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, குப்பைப் பை இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. முதலில் அதைப் போடுவோம் என்று எழுந்தார். போட்டுவிட்டுத் திரும்பி வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த எதிர்வீட்டைப் பற்றி நான் சொல்லவேண்டும். ஆறேழு வருஷமாக அங்கே குடியிருக்கிறேன். எதிரே இருப்பவரின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. வாசலில் மாவு படிந்த ஒரு ஜோடி ஷூ கிடக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த எதிர்வீடு. கதவைத் திறந்தது ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளி. அறுபதை நெருங்கும் பெண்மணி, விடிகிறவரை அடுப்பில் நின்றுவிட்டு அப்போதுதான் படுக்கப்போனவர். அண்ணி தன் நிலைமையைச் சொன்னார். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, நைட்டிக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டையைக் கொடுத்தார். பூட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அதற்குள் டீ ஆயிற்று, ரொட்டி ஆயிற்று, அந்த அம்மாவின் மகன் கதை ஆயிற்று. சூடான தட்டுகளைத் தூக்கித் தூக்கி முழங்கையில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தழும்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம்.

அன்று ராத்திரி போனில் அண்ணியின் குரல் வேறு மாதிரி இருந்தது. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, சாவியை இப்போது கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன் என்றார். உன் எதிர்வீட்டம்மா உன்னைப் பற்றி நல்ல மாதிரிதான் சொன்னாங்க, சத்தமே போடாத பொண்ணுன்னு என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொண்ணு. இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஒரு தடவைகூட எந்திரிக்காம சாப்பிட்டேன். உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், முடிஞ்சுது. சூடா இருந்துச்சு.”

முதல்நாள் ஆறிப்போன என் தட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

“யாருகிட்டயும் சொல்லாத,” என்றார்.

அதை நான் காப்பாற்றவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. கேட்டானா இல்லையா என்றே தெரியவில்லை. அப்பா காது இவனுக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

வாரம் முடிந்து அண்ணி திரும்பி வந்த அன்று, கூடத்தில் மேசை இடம் மாறியிருந்தது. அண்ணன் அதை நகர்த்திச் சுவரோரமாகத் தள்ளியிருந்தான். அண்ணியின் நாற்காலி சுவருக்கும் மேசைக்கும் நடுவில், மூலையில். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் எழுந்து வழிவிட்டால்தான் வெளியே வரமுடியும். அடுப்படிப் பக்க நாற்காலி அவனுடையதாகிவிட்டது. அண்ணி உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திணறினார்.

“ஏங்க, இதுல எப்படி எந்திரிக்கிறது?”

“எதுக்கு எந்திரிக்கணும்?” என்றான் அண்ணன். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான்.

அண்ணி என்னை முறைத்தார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் எதையும் கவனிக்கவில்லை. அண்ணன் அன்று கொண்டுவந்தது உப்புக்குப் பதில் சர்க்கரை, அது வேறு விஷயம்.

கிளம்புகிற நாளில் விமான நிலையத்தில் பெரிய அழுகை ஒன்றும் இல்லை. அழுதது அண்ணன்தான், அதுவும் கார் நிறுத்துமிடத்தில். அப்பா மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து, கோட்டைப் போட்டுக்கோம்மா என்று கத்தினார். உள்ளே வரிசையில் நின்ற பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கல்லூரி விடுதியில் ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். அதனால் தனி அறை எல்லாம் ரத்து, அறைக்கு இரண்டு பேர்.

“ஒரு வாரம் பாடுபட்டுத் தனியாப் படுக்கக் கத்துக்கிட்டேன். இப்போ ரூமுக்கு ரெண்டு பேருங்கறான்.”

கூட இருந்தவர் வேறொரு நாட்டு ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்ப்பவர், வாட்டசாட்டமான பெண். அண்ணி வைத்த பெயர் ‘நெட்டை’. அவர் ஒரே பிள்ளையாகப் பிறந்து, தனி அறையிலேயே வளர்ந்தவராம். வேற்று ஆள் மூச்சுவிடுகிற அறையில் தூங்கிப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாகப் படுத்திருப்பாராம். உடை மாற்றுவதென்றால் குளியலறைக்கு ஓடுவாராம். இந்த விஷயத்தில் அண்ணியைவிடக் கைதேர்ந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? நான் திரும்பிப் படுத்துக்கறேன், நீ மாத்திக்கோ என்று சைகையில் சொன்னதிலிருந்து, குறட்டை விட்டால் தலையணையைத் தட்டு, கோபப்படமாட்டேன் என்பதுவரை சொல்லிக்கொடுத்துவிட்டார். இரண்டாம் வாரம் குழாயைச் சரிபண்ணிவிட்டுத் தனி அறை தருகிறோம் என்று வந்து கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னது நெட்டைதானாம்.

எட்டு வாரமும் போனது தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். எங்களுக்குத் தெரிந்தது. பித்தான் எங்கே இருக்கிறது, தேயிலை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேயே சாப்பிட்டேன். சின்னவள் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாள், முதல்முறை கஞ்சியாக, பிறகு சோறாக.

திரும்பி வந்த அண்ணி கொஞ்சம் சதை போட்டிருந்தார். வந்த மறுநாளே வேலைக்குப் போனார். குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற நூல் மாதிரி மெல்லிய கேமரா ஒன்று இருக்கிறதாம், அதை வாங்கியே ஆகவேண்டும் என்று நின்று வாங்கவைத்தார். முதல்முறை அதை விட்டுப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, நான் சந்தேகப்பட்டது சரிதான், ஒரு வளைவில் கறை நிற்கிறது, இப்போது அதற்கும் வழி தெரியும் என்று சாப்பாட்டுக்கு நடுவில் விலாவாரியாகச் சொன்னார். எங்கள் பசி பழையபடி கெட்டது. கழுவ நேரம் கூடுகிறது என்று மேலே டாக்டர்கள் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நெட்டை வாராவாரம் வீடியோவில் கூப்பிடுவார். போனை முதலில் கைப்பற்றுவது அப்பாதான். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம், அங்கே குளிரா என்று கேட்கிற அளவுக்குத்தான். அதையே தெருமுனைவரை கேட்கும்படி கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து நெட்டையும் அதே உரத்தில், ஆமாம், ரொம்பக் குளிர் என்பார். அப்பாவுக்கு மகா திருப்தி. இந்த வீட்டிலேயே அந்தப் பொண்ணு ஒருத்திதான் கேட்கிற மாதிரிப் பேசுது என்று எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொல்வார்.